அம்மாவுக்கு உடைந்தது, சித்திக்கு உடையவில்லை. ஏன்?

வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அம்மா, அம்மாவின் தங்கையான சித்தி இருவருக்கும் வயது 65-ஐத் தாண்டிவிட்டது. அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. சித்தி மாடிப்படியில் விழுந்தும் வெறும் வீக்கம்தான். பக்கத்து வீட்டு மாமி சனிப்பெயர்ச்சி என்கிறார்."

சனியை விட்டுவிடலாம், அவருக்கு ஏற்கெனவே வேலை அதிகம். விழுந்த விதம், வைட்டமின் டி, சாப்பிடும் மருந்துகள் என்று காரணங்கள் பல உண்டு. நான் சொல்லப்போவது ஹார்மோனைப் பற்றி.

எலும்பு கரைந்துகொண்டும் புதிதாக உருவாகிக்கொண்டும் இருக்கும். கரைக்கும் செல்களை அடக்கி வைப்பது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன். மாதவிடாய் நின்றதும் சினைப்பையிலிருந்து அது வருவது ஏறக்குறைய நின்றுவிடும், கரைப்பு முந்திக்கொள்ளும். சரி, அப்படியானால் 65 வயதுப் பெண்ணின் ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜனே இருக்காதா? கொஞ்சம் இருக்கும். அதைத் தயாரிப்பது பெரும்பாலும் கொழுப்பு!

'ஆண் ஹார்மோன்' என்று நாம் முத்திரை குத்திய ஆண்ட்ரோஜன்கள் பெண்களின் அட்ரீனல் சுரப்பியிலும் உருவாகின்றன. கொழுப்புத் திசுவில் இருக்கும் அரோமட்டேஸ் என்ற நொதி அவற்றைப் பிடித்து, மூன்று முறை ஆக்சிஜனேற்றம் செய்து, 19 கார்பன்களில் ஒன்றைக் கழற்றிவிடுகிறது. மிஞ்சும் 18 கார்பன் மூலக்கூறுதான் ஈஸ்ட்ரோஜன். கழன்ற கார்பன் ஃபார்மிக் அமிலமாக வெளியேறுகிறது. சில எறும்புகள் கடித்தால் எரிகிறதே, அதே அமிலம்! ஒரே ஒரு கார்பன் போனதும் ஆண் ஹார்மோன் பெண் ஹார்மோனாகிவிடுகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

இந்தச் சொற்ப ஈஸ்ட்ரோஜனுக்கும் மதிப்பு உண்டு. 65 வயதைக் கடந்த அமெரிக்கப் பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வு 1998-இல் வெளியானது. ரத்தத்தில் ஈஸ்ட்ரடையால் (ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வகை) அளவு மில்லிலிட்டருக்கு 5 பிகோகிராமுக்கும் கீழே இருந்தவர்களுக்கு இடுப்பு, முதுகெலும்பு முறிவு அபாயம் மற்றவர்களைவிட 2.5 மடங்கு. மார்பகப் புற்றுநோய்க்கு லெட்ரோசோல் சாப்பிடுபவர்களின் எலும்பு அடர்த்தியை டாக்டர்கள் கண்காணிப்பதும் இதனால்தான். அந்த மாத்திரை அரோமட்டேஸையே முடக்குகிறது.

அரோமட்டேஸுக்கான மரபணு 15-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அதற்குள் டிடிடிஏ என்ற நான்கு டிஎன்ஏ எழுத்துகள் கொண்ட துண்டு சிலருக்கு 7 முறை, சிலருக்கு 13 முறைவரை திரும்பத் திரும்ப வரும். அதிக முறை வருபவர்களுக்கு எலும்பு அடர்த்தி கூடுதலாக இருப்பதாகச் சில ஆய்வுகள் கண்டன. சகோதரிகளே ஆனாலும் இத்தகைய வேறுபாடுகளில் சராசரியாகப் பாதிதான் பொது.

உடனே ஆயிரக்கணக்கில் செலவழித்து மரபணுப் பரிசோதனைக்கு ஓடாதீர்கள். எலும்பு அடர்த்தியோடு தொடர்புள்ள இடங்கள் மரபணுத் தொகுதியில் 500-க்கு மேல் தெரிந்துவிட்டன, ஒவ்வொன்றின் பங்கும் துளிதான். தரவுகளும் பெரும்பாலும் ஐரோப்பியர்களுடையவை. நம் பெண்களிடம் இதே அளவில் ஆய்வு நடத்த இங்கே பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் புலம்பல்.

அம்மாவுக்கு ஒருமுறை முறிந்திருப்பதே எந்த மரபணு ரிப்போர்ட்டையும்விடப் பெரிய எச்சரிக்கை. ஆபரேஷனோடு நிறுத்தாமல் எலும்புப்புரைக்கான (எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நோய்) சிகிச்சையையும் டாக்டரிடம் கேளுங்கள். சித்திக்கு எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் ஒன்று எடுத்துவிடுங்கள், வலியே இருக்காது.