டாரிஃப்ளூவென்ட்: பாலை ஆற்றின் கரைமண்ணைத் தமிழில் எப்படிச் சொல்வது?

மண்ணியல் நூல்களில் 'டாரிஃப்ளூவென்ட்' என்றொரு சொல் வரும். வறண்ட நாட்டு ஆறுகள் பெருகி வடியும்போது கரையோரம் விட்டுச்செல்லும் மண்ணின் வகைப்பெயர் அது. ஒலியை மட்டும் தமிழில் எழுதிவிட்டால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. 'பாலைவன வெள்ளச் சமவெளி மண்' என்று பெயர்த்தால் விளங்கும். ஆனால் மூலச்சொல் சொல்கிற மூன்று செய்திகளில் ஒன்று நழுவிவிடும். நழுவுவதுதான் முக்கியமான செய்தி என்பது என் எண்ணம்.

சொல்லைக் கடைசியிலிருந்து பிரிக்க வேண்டும். ஈற்றில் நிற்கும் 'என்ட்' மண்வரிசையை, அதாவது மண்களைப் பகுக்கும் மிகப் பெரிய பிரிவைக் காட்டும். அந்த அசைக்குத் தனியே மொழிவேர் கிடையாது. அண்மைக்காலத்தது என்று பொருள்படும் 'ரீசன்ட்' என்ற ஆங்கிலச் சொல்லை நினைவூட்ட வைத்தது. மேல்மண், அடிமண் என்று இன்னும் பிரிந்து முதிராத இளம் மண் என்பது அதன் குறிப்பு. நடுவில் உள்ள 'ஃப்ளூவ்' இலத்தீனில் ஆற்றைக் குறிக்கும் 'ஃப்ளூவியஸ்'. முதலில் நிற்கும் 'டாரி', வெப்பத்தால் வறண்டது என்னும் பொருளுடைய 'டாரிடஸ்'. ஆக, வறண்ட நாட்டில், ஆறு கொண்டுவந்த, இளம் மண்.

இப்படி அசைகளைக் கோத்துப் பெயரிடும் முறை அமெரிக்க வேளாண் துறையின் மண் வகைப்பாட்டில் வந்தது. மண்ணியலாளர் கை ஸ்மித் (Guy Smith) தலைமையில் உருவான அதன் முன்வரைவு 1960-இல் 'ஏழாம் தோராயம்' என்ற பெயரில் வெளியாயிற்று. முழு நூல் 1975-இல் வந்தது. பெயர்களை ஆக்குவதற்கு இல்லினாய் பல்கலைக்கழகத்தின் செவ்வியல் மொழிப் பேராசிரியர் ஜான் ஹெல்லரும், பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்து லீமன்ஸும் துணைநின்றார்கள். மண்ணுக்குப் பெயர் வைக்க மொழியறிஞரை அழைத்தார்கள் என்பது எனக்குப் பெரிதும் பிடித்த செய்தி.

'வறண்ட' என்பதற்கும் அங்கே அளவு உண்டு. 50 செ.மீ. ஆழத்தில் மண்ணின் வெப்பம் 5 டிகிரி செல்சியசுக்கு மேல் இருக்கும் நாள்களில் பாதிக்கும் மேல், வேர் உறிஞ்சும் பகுதி முழுக்க உலர்ந்து கிடக்க வேண்டும். அதே ஆழத்தில் 8 டிகிரிக்கு மேல் இருக்கும் காலத்தில், தொடர்ந்து 90 நாள் ஈரம் நிற்கக் கூடாது. அதாவது மானாவாரிப் பயிர் ஒன்று முளைத்து முற்ற வேண்டிய ஈரம் மழையால் மட்டும் கிடைக்காத இடம்.

இந்த மண்ணைப் புரிந்துகொள்ள ஆறு அரித்துச் சென்ற கரைமுகம் ஒன்றைப் பார்த்தால் போதும். மண்வெட்டியால் அதை நேராகச் செதுக்கினால் புத்தகத்தின் ஓரம்போல் அடுக்கடுக்காகத் தெரியும். ஒரு விரற்கடை மணல், அதன்மேல் நகத்தளவு களி, பிறகு மாவுபோல் நயமான வண்டல், மீண்டும் பருமணல். ஒவ்வோர் அடுக்கும் ஒரு வெள்ளம், அல்லது ஒரே வெள்ளத்தின் ஒரு நேரம். நீர் விரைந்தபோது மணல் விழுந்தது. தயங்கி நின்றபோது களி படிந்தது. நடுவே கறுத்த கோடு ஒன்று ஓடும். உரசிப் பார்த்தால் இலைத்துணுக்கும் மக்கிய வேரும் கையில் வரும். அது ஒரு காலத்தில் மேல்மண்ணாக இருந்து, அடுத்த வெள்ளத்தில் புதையுண்டது. வகைப்பாட்டாளர் தேடும் அடையாளமும் இதுதான். மற்ற மண்களில் பெரும்பாலும் கரிமம் ஆழம் போகப் போகச் சீராகக் குறையும். இதில் குறைந்து, கூடி, மறுபடி குறையும்.

வெள்ளம் வடிந்த சில நாளில் மேலே படிந்த களி வெடித்து, சருகுபோல் ஓரம் மடிந்து சுருளும். தமிழில் இதற்குப் 'பொருக்கு' என்று அழகான சொல் இருக்கிறது. பொருக்கைப் பெயர்த்தால் அடியில் ஈரம் இன்னும் இருக்கும்.

இதன் வேதியியலைப் பெரும்பாலும் காலநிலை தீர்மானிக்கிறது. கழுவிச் செல்ல மழையில்லாததால் சுண்ணாம்பு மண்ணிலேயே தங்கிவிடும். நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் பெரும்பாலும் நுரைத்துப் பொங்கும். காரத்தன்மை உள்ள மண். சாம்பல் சத்து பொதுவாகத் தாராளமாக இருக்கும். மக்கிய பொருளும் தழைச்சத்தும் குறைவு. மணிச்சத்து, இரும்பு, துத்தநாகம் ஆகியவை மண்ணில் இருந்தாலும் சுண்ணாம்பு பிடித்துவைத்துக்கொள்வதால் வேருக்கு எளிதில் எட்டாது.

இருந்தும் இம்மண்ணைத் தேடி மனிதர்கள் போனதற்குக் காரணம் ஈரத்தைப் பிடித்துவைக்கும் ஆற்றல். நடுத்தர வண்டல் ஒரு மீட்டர் ஆழத்தில் பயிர் எடுத்துக்கொள்ளக்கூடிய நீரை ஏறத்தாழ 15 செ.மீ. அளவுக்குத் தாங்கும். சூடானின் கஸ்ஸாலாவை ஒட்டி ஓடும் காஷ் ஆறு இதற்கு நல்ல சான்று. எரித்ரிய மேட்டுநிலத்தில் பெய்யும் மழையால் ஜூலை முதல் செப்டம்பர் வரை பெருகி, கடலைத் தொடாமலே விரிந்து பாலையில் மறைந்துவிடும் ஆறு. அது விரியும் நிலத்தில் வெள்ளத்தைச் சில வாரம் நிறுத்தி மண்ணைக் குடிக்கவிட்டு, வடிந்தபின் சோளம் விதைக்கிறார்கள். அதன்பின் பாசனம் இல்லை. மண்ணில் இறங்கிய நீரே பயிரைக் கரையேற்ற வேண்டும். அமெரிக்காவின் அரிசோனாவில் ஹீலா ஆற்றின் பெயரைத் தாங்கிய மண்தொடரும் (வகைப்பாட்டின் மிகச் சிறிய பிரிவு) இந்த வகைதான்.

அடுக்கு அமைப்பு பாசனத்தில் ஒரு தொல்லையும் தரும். நயமான வண்டலுக்குக் கீழே பருமணல் இருந்தால் நீர் தடையின்றி இறங்கும் என்று நினைப்போம். நடப்பது நேர்மாறு. மேலுள்ள வண்டல் ஏறக்குறைய நிறைந்த பிறகே நீர் மணலுக்குள் சொட்டும்; நுண்துளைகள் அதுவரை அதை இறுக்கிப் பிடித்திருக்கும். மேலே வேர் மூச்சுத்திணறும், கீழே மணல் காய்ந்து கிடக்கும். அதனால்தான் சில இடங்களில் ஆழ உழுது அடுக்குகளைக் கலைத்துவிடுகிறார்கள்.

பெரிய ஆபத்து உப்பு. பாசன நீர் ஆவியாகும், அதில் கரைந்திருந்த உப்பு ஆவியாகாது. நிலத்தடி நீர் மட்டம் உயர்ந்துவிட்டால் விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் உவர்நீர் மேலேறி, வெள்ளைப் பூச்சாக வரப்பில் பூக்கும். மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால் உவர்மண் என்பது வழக்கமான வரையறை. பார்லி 8 வரை விளைச்சல் குன்றாமல் தாங்கும், பருத்தி 7.7 வரை, பீன்ஸ் 1-ஐத் தாண்டியதுமே தளரும். கூடுதல் நீர் விட்டு உப்பைக் கழுவலாம், ஆனால் கழுவிய நீர் வெளியேற வடிகால் வேண்டும். வடிகால் வெட்டாமல் வாய்க்கால் மட்டும் வெட்டுவது இந்த மண்ணுக்குச் செய்யும் துரோகம் என்றே சொல்வேன்.

பயிருக்கு அப்பால், களி கலந்த வண்டல் பச்சைச் செங்கல்லுக்கு ஏற்றது. சுமேரியர் எழுதிய களிமண் ஏடுகளும் ஆற்று வண்டல்தான். நமீபியாவின் குய்செப் ஆற்றங்கரை மரங்கள் பாலைக்கு நடுவே பச்சைக் கோடாக நிற்பது, மணல் அடுக்குகள் சேமித்த வெள்ளநீரால். வீடு கட்ட மட்டும் இது நம்பத்தகாத நிலம். அடுக்குகள் நனைந்தால் சீராக அமுங்காது. வெள்ளம் எந்த ஆண்டு வரும் என்பதும் தெரியாது.

இனித் தமிழ்ச்சொல். பழைய எகிப்தியர் ஆற்றோர நிலத்தைக் 'கெமெட்', அதாவது கரியது என்றும், அதற்கு அப்பாலுள்ள பாலையைத் 'தெஷ்ரெட்', செம்மையானது என்றும் அழைத்தார்கள். (பாலைக்கான ஆங்கிலச் சொல் 'டெசர்ட்' இதிலிருந்து வந்ததன்று, கைவிடப்பட்டது என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது.) அவர்கள் நிறத்தைப் பார்த்தார்கள். தமிழ் செயலைப் பார்க்கிறது. 'வண்டல்' என்றால் நீரில் கலங்கி வந்து அடியில் தங்கியது. எண்ணெய்க் குடத்தின் அடியில் தங்குவதும் வண்டல், ஆறு விட்டுச்செல்வதும் வண்டல். பெண்பிள்ளைகள் மணலில் பாவை செய்து ஆடிய விளையாட்டுக்கும் சங்கப் பாடல்களில் 'வண்டல்' என்றே பெயர். 'எக்கல்' இன்னொரு நல்ல சொல். ஆறு ஒதுக்கிய மணல்மேட்டுக்குப் பொருந்தும், களி கலந்த பரப்புக்குப் பொருந்தாது.

'சமவெளி' நிலத்தின் வடிவத்தை மட்டும் சொல்கிறது. அதைவிடப் 'படுகை' ஆழமானது. ஆறு பெருகினால் நீர் படும், வடிந்தால் மண் படியும் கரையோர நிலம் அது. இன்று ஆற்றின் முழு வடிநிலத்தையும் படுகை என்று எழுதுவது வழக்கமாகிவிட்டாலும் பழைய பொருள் இன்னும் சாகவில்லை. வெள்ளம் இன்னும் எட்டுகிற இடம் என்பதால் 'இளம் மண்' என்ற நழுவிய செய்தியும் அச்சொல்லுக்குள் தானாக வந்துவிடுகிறது. முன்னே 'பாலை' வேண்டாம். தமிழில் அது திணை, ஒழுக்கம், பிரிவு என்று பெரிய சுமையைத் தாங்கும் சொல். 'வறள்' போதும். ஆகவே என் தேர்வு: வறள்படுகை வண்டல்.

ஒரே ஓர் இடத்தில் இது இடறும். 1970-இல் அஸ்வான் பேரணை கட்டி முடிந்தபின் நைல் கரையில் புதுமண் படிவது ஏறக்குறைய நின்றுவிட்டது. எத்தியோப்பிய மேட்டுநிலத்து வண்டல் அணைக்குப் பின்னுள்ள நாசர் ஏரியின் அடியில் தங்கிவிடுகிறது. வகைப்பாட்டு விதியோ இன்று வெள்ளம் வருகிறதா என்று கேட்பதில்லை. குழியில் அடுக்கு தெரிகிறதா, கரிமம் ஒழுங்கின்றிக் குறைகிறதா என்றே பார்க்கும். களி மிகுந்து ஆழமாக வெடிக்கும் பகுதிகள் வேறு வரிசைக்குப் போக, மற்றவை பழைய பெயரோடே நீடிக்கும். அத்தகைய நிலத்தைத் தமிழில் பிரித்துக் காட்ட வேண்டுமானால் 'பழம்படுகை வண்டல்' என்று எழுதலாம்.