தகர நிழலும் புளியமர நிழலும்

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதியிருக்கிறார். பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டு, உரிய அனுமதியோடு படுக்கையும் சிறிய சமையல் மேடையும் அமைத்து, விடுமுறை நாட்களில் குடும்பத்தோடு அதிலேயே தங்கிப் பயணம் செய்கிறவர் அவர். சென்ற மே மாதத்தில் ஒரு நாள் நண்பகலில், நெடுஞ்சாலையோர உணவகம் ஒன்றின் தகர ஷெட்டுக்குக் கீழே வண்டியை நிறுத்தியிருக்கிறார். மறுநாள் அதே நேரத்தில் ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு புளியந்தோப்பில் நிறுத்தியிருக்கிறார். வண்டிக்கு வெளியே கண்ணாடிக்கருகில் தொங்கவிட்ட வெப்பமானி முதல் இடத்தில் 39 டிகிரியும் இரண்டாவது இடத்தில் 38 டிகிரியும் காட்டியதாம். “ஒரே ஒரு டிகிரிதான் வித்தியாசம். ஆனால் ஷெட்டில் பிள்ளைகள் கால் மணி நேரம்கூட உட்காரவில்லை. தோப்பில் என் அம்மா பாயை விரித்துத் தூங்கியே போய்விட்டார். வெப்பமானி பொய் சொல்கிறதா, உடம்பு பொய் சொல்கிறதா?” என்று கேட்கிறார்.

இரண்டும் உண்மையைத்தான் சொல்கின்றன. ஆனால் இரண்டும் ஒரே பொருளை அளக்கவில்லை. வாசகருடையதைப் போன்ற வண்டிக்குக் கேரவன் என்று பெயர்; ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டால் நம் ஊரில் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் ஆர்.வி. என்று அழைக்கப்படும் வீட்டு வண்டிகளில் ஊர் சுற்றுகிறவர்கள், முகாம் மைதானத்தில் இடம் பிடிக்கும்போது மின் இணைப்பையும் தண்ணீர்க் குழாயையும் விசாரித்த கையோடு மர நிழல் உண்டா என்றும் விசாரிக்கிறார்கள். வெறும் நிழல் போதுமென்றால் கூரை போட்ட கொட்டகையே போதுமே, எதற்காக மரத்தைத் தேடுகிறார்கள் என்ற கேள்வியும் குடியாத்தத்துக் கேள்வியும் ஒன்றுதான்.

வெயிலைத் தடுக்கும் பகுதியை விரைவாகக் கடந்துவிடலாம். உச்சிவேளையில் தெளிந்த வானிலிருந்து ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது ஏறத்தாழ 1,000 வாட் சூரிய ஆற்றல் விழுகிறது. ஐந்து மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் உள்ள வண்டிக் கூரையின்மீது, பத்து இஸ்திரிப் பெட்டிகளைச் சூடேற்றி அடுக்கிவைத்ததற்கு ஒப்பான ஆற்றல் இறங்குகிறது என்று பொருள். வெள்ளை வண்ணம் பூசியிருந்தால் அதில் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். ஆனாலும் எஞ்சுவது சிறிதல்ல. தகரமும் இதைத் தடுக்கிறது, மரமும் தடுக்கிறது. இந்த ஒரு வேலையில் தகரம் மரத்தைவிடக் கெட்டிக்காரத்தனமாகவே நடந்துகொள்கிறது, ஏனெனில் இலைகளின் இடுக்கு வழியே கொஞ்சம் வெயில் ஒழுகத்தான் செய்யும். வேறுபாடு தொடங்குவது அதற்குப் பிறகு, தடுக்கப்பட்ட வெயில் என்ன ஆகிறது என்ற இடத்தில்.

இங்கே பலரும் நீராவிப்போக்கைச் சொல்வார்கள். வேர் உறிஞ்சிய நீர், தண்டுக்குள் நீரைக் கடத்தும் சைலக் குழாய் வழியாக ஏறி, இலைத்துளைகளில் ஆவியாகி வெளியேறுகிறது. ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. இது பள்ளிப் பாடம். வேப்பங்கொப்பு ஒன்றில் வெயில் நேரத்தில் ஒரு பாலிதீன் பையைக் கவிழ்த்து வாயை நூலால் இறுகக் கட்டிவைத்தால், அரை மணி நேரத்துக்குள் பையின் உட்புறம் பனித்து, துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கீழ் மூலைக்கு வழிவதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,430 கிலோஜூல் வேண்டும். நிலத்தடியில் ஈரம் கிடைக்கும் பெரிய மரம் ஒரு நாளில் 100 லிட்டர் நீரை ஆவியாக்கினால், அது ஒரு டன் ஏசி ஒன்று 19 மணி நேரம் ஓடி அகற்றும் வெப்பத்துக்குச் சமம். “ஒரு மரம் இத்தனை ஏசிக்குச் சமம்” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் வாசகங்களுக்கெல்லாம் அடிப்படை இந்தக் கணக்குதான்.

கணக்கு சரி, அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தவறு. சுவரும் கதவும் இல்லாத அறையில் ஏசி போட்டால் என்ன ஆகுமோ அதுதான் மரத்தடியிலும் ஆகிறது. இலைகளைத் தொட்டுக் குளிர்ந்த காற்று அங்கேயே நிற்பதில்லை. மெல்லிய காற்றோட்டம்கூட அதை அள்ளிக்கொண்டு போய்ச் சுற்றியுள்ள வெறும் வயலின் சூடான காற்றோடு கலந்துவிடுகிறது. அதனால்தான் தனி மரத்தின் அடியிலோ சிறு தோப்பிலோ காற்றின் வெப்பநிலை பெரும்பாலும் ஓரிரு டிகிரிக்குமேல் இறங்குவதில்லை. நம் வாசகரின் வெப்பமானி அந்த ஒரு டிகிரியை நேர்மையாகவே காட்டியிருக்கிறது. அவருடைய அம்மாவைத் தூங்க வைத்தது காற்றின் குளிர்ச்சியாக இருந்திருக்க முடியாது.

எல்லாப் பொருளும் தன் வெப்பநிலைக்கேற்ப அகச்சிவப்புக் கதிர்களை ஓயாமல் வீசிக்கொண்டிருக்கிறது. அடுப்பங்கரையில் தணல் நிறைந்த அடுப்பின் பக்கம் கன்னத்தைத் திருப்பினால் சுடுவதும், வேறு பக்கம் திருப்பினால் அந்தச் சூடு உடனே விலகுவதும் இதனால்தான். இடையிலுள்ள காற்று அந்தக் கணத்தில் மாறிவிடவில்லை. நம் தோலும் கதிர் வீசுகிறது, சுற்றியுள்ள பொருட்களிலிருந்து கதிர் வாங்குகிறது. கொடுப்பதைவிட வாங்குவது கூடினால் புழுங்குகிறோம். இந்த வீச்சு, கெல்வின் அளவிலான (செல்சியஸோடு 273 கூட்டிய) வெப்பநிலையின் நான்காம் அடுக்குப்படி, அதாவது அந்த எண்ணை நான்கு முறை எழுதிப் பெருக்கிய அளவுப்படி, உயர்கிறது என்பதால், சில பத்து டிகிரி வேறுபாடே பெரிய வேறுபாடாகிவிடுகிறது. 35 டிகிரியில் உள்ள தோல் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 510 வாட் வீசுகிறது. 38 டிகிரியில் உள்ள இலை 530 வாட் அளவில் வீசும். ஆகவே தோலுக்கும் இலைக்கும் கொடுக்கல் வாங்கல் கிட்டத்தட்டச் சரியாகிவிடுகிறது. மே மாத வெயிலில் 60 டிகிரிக்கு ஏறிவிட்ட, தூசியும் துருவும் படிந்த பழைய தகரமோ 700 வாட்டை நெருங்கி வீசும். அதாவது ஷெட்டில் உட்கார்ந்தவரின் தலையும் தோளும் வெயிலைவிட்டுத் தப்பி, ஒரு மங்கலான அடுப்பின் கீழ் போய் அமர்ந்திருக்கின்றன. ஓய்வாக இருக்கும் மனித உடல் தானாக உண்டாக்கும் வெப்பமே மொத்தம் 100 வாட் அளவுதான் என்பதை நினைத்தால், சதுர மீட்டருக்கு 170 வாட் கூடுதல் என்பது எவ்வளவு கனமானது என்று தெரியும்.

அப்படியானால் உண்மையான கேள்வி, அதே வெயிலில் காயும் இலை ஏன் தகரத்தைப்போல் 60 டிகிரிக்குப் போவதில்லை என்பதுதான். எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான், ஏனெனில் இலை இதை ஒரு வழியில் அல்ல, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல வழிகளில் செய்கிறது. முதலாவது, இலை தனக்குத் தேவையில்லாத வெயிலை வாங்கிக்கொள்வதே இல்லை. சூரிய ஆற்றலில் பாதியளவு நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பில் வருகிறது. ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படாத அந்தப் பகுதியின் பெரும்பங்கை இலை திருப்பி அனுப்பிவிடுகிறது, அல்லது தன் வழியே போக விட்டுவிடுகிறது. நம் கண்ணுக்கு மட்டும் அகச்சிவப்பு தெரியுமானால் வேப்பமரம் பச்சையாக அல்ல, பனி மூடியதுபோல் வெண்மையாகப் பளிச்சிடும். இரண்டாவது, வாங்கிய வெயிலில் கணிசமான பங்கை நீராவிப்போக்கு தின்றுவிடுகிறது. ஒரு சதுர மீட்டர் இலைப்பரப்பு நொடிக்கு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு நீரை ஆவியாக்கினாலே 240 வாட் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஆனால் வேலூர்ப் பக்கத்து மே மாதத்தில், பாலாற்று மணல்கூடக் காய்ந்து கிடக்கும் நாட்களில், மரம் நண்பகலில் தண்ணீரைச் செலவிடத் தயங்கும். இலைத்துளைகளைக் காக்கும் இரு செல்களும் தளர்ந்து வாயை மூடிக்கொள்ளும். அப்போதும் புளியமரத்தின் நிழல் கெடுவதில்லை என்பதற்குக் காரணம் அதன் இலையின் அளவு. எந்தப் பரப்பின்மீதும் ஓர் அசைவற்ற மெல்லிய காற்றுப் படலம் போர்வைபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். பரப்பு பெரிதாக இருந்தால் போர்வையும் தடிப்பாகும். தேக்கிலை போன்ற அகன்ற இலை இந்தப் போர்வைக்குள் வெந்துபோகலாம். புளியின் சிற்றிலையோ விரல் நகத்தைவிடச் சற்று நீளமானது, அகலத்தில் அதைவிடக் குறைவு. அதன்மீது போர்வை தடிப்பதற்குள் இலை முடிந்துவிடுகிறது. கொஞ்சம் காற்று அசைந்தாலே வெப்பத்தைக் கொடுத்துவிட்டு, காற்றின் வெப்பநிலையை ஒட்டியே நின்றுவிடும். வண்டி எஞ்சினின் ரேடியேட்டரில் தகடுகளை மெல்லியதாகவும் குறுகலாகவும் செய்திருப்பதும் இதே காரணத்தால்தான்.

இலையின் அளவு மூன்றாவது வழி என்றால், நான்காவது வழிதான் மிக அழகானது. அதற்குத் தனித் திறமை எதுவும் தேவையில்லை, அடுக்கிவைத்தாலே போதும். தகரத்தின் ஒரே தகடு மேலே சூரியனையும் கீழே நம்மையும் பார்க்கிறது. மேலே வாங்கிய சூடு உடனே கீழ்ப்பக்கத்துக்கு வந்துவிடுகிறது. மரத்தில் வெயிலைப் பார்க்கும் இலைகள் வேறு, நம்மைப் பார்க்கும் இலைகள் வேறு. உச்சாணிக் கொம்பின் இலைகள் வெயிலை வாங்கிச் சற்றுச் சூடேறினாலும், அவற்றின் கதிர் அடுத்த அடுக்கில் நின்றுவிடுகிறது. அதன் கதிர் அதற்கடுத்த அடுக்கில். ஒவ்வொரு அடுக்குக்கும் இடையே காற்று புகுந்து வெளியேறிக்கொண்டிருக்கிறது. பாயை விரித்துப் படுத்தவர் அண்ணாந்து பார்க்கும் கூரை, நேர் வெயில் அதிகம் படாத கீழ் அடுக்கு. பனையோலையையோ வைக்கோலையோ தடிப்பாக வேய்ந்த பழைய கூரைகள் இதையே ஓரளவு செய்தன. ஒரு தகர ஷெட்டுக்கு மேல் ஓரடி இடைவெளி விட்டு இன்னொரு கூரை வேய்ந்தாலும் பாதிப் பயன் கிடைக்கும்; ஆனால் அந்த உணவகத்துக்காரர் அதற்குச் செலவழிப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதை அளப்பதற்கு எளிய கருவி உண்டு. கறுப்பு வண்ணம் பூசிய செப்புக் கோளத்துக்குள் வெப்பமானியைச் செருகினால், அது காற்றோடு சேர்த்துக் கதிர்வீச்சையும் உணரும். டேபிள் டென்னிஸ் பந்துக்குக் கறுப்பு வண்ணம் அடித்தும் இதைச் செய்யலாம். வெயிலில் உழைப்பவர்களுக்கான பாதுகாப்பு அளவீடுகளில் இந்தக் கோளத்தின் அளவையும் சேர்க்கிறார்கள். செய்திகளில் தினமும் சொல்லப்படும் “வேலூரில் இத்தனை டிகிரி” என்பதோ, வெள்ளைப் பெட்டிக்குள் கதிர்வீச்சு படாமல் காத்துவைத்த வெப்பமானியின் கணக்கு. அது வானிலைக்குச் சரியான முறை, ஆனால் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவரின் வேதனையை அது சொல்லாது. எந்த மரத்தின் கீழ் எவ்வளவு கதிர்வீச்சு குறைகிறது என்று நம் பக்கத்து மரங்களுக்கு, புங்கத்துக்கும் இலுப்பைக்கும் வேம்புக்கும் தனித்தனியே, மாதவாரியாக அளந்து வைக்க ஒரு கல்லூரியின் இயற்பியல் துறைக்குச் சில ஆயிரம் ரூபாயும் ஆர்வமுள்ள நான்கு மாணவர்களும் போதும். பெரிய கருவிக்குப் பணம் கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு, சிறிய கருவிக்குக் கேட்டால் கிடைப்பதில்லை என்பது நம் ஆராய்ச்சி நிதியின் விசித்திரம். சாலையை அகலப்படுத்த ஒரு புளியமரத்தை வெட்டும்போது எதை இழக்கிறோம் என்று எண்ணால் சொல்ல இந்த அளவீடு வேண்டும்.

இரவில் கதை தலைகீழாகிறது. மேகமில்லாத வானம், கதிர்வீச்சின் கணக்கில், காற்றைவிடக் குளிர்ந்த கூரை; வெட்டவெளியில் நிற்கும் வண்டி தன் வெப்பத்தை அந்த வானத்துக்கு வீசி ஆறிவிடும். மரத்தடியில் நிற்கும் வண்டிக்கு இலைக்கூரை குறுக்கே நிற்கிறது. மார்கழிக் காலையில் திறந்த வெளியில் நின்ற வண்டியின் கண்ணாடி பனியில் நனைந்திருக்க, பக்கத்திலேயே மரத்தடியில் நின்றது உலர்ந்திருப்பதன் காரணம் இதுதான்.

வாசகர் கடிதத்தின் ஓரத்தில் இன்னொரு வரியும் எழுதியிருந்தார்: இரவில் புளியமரத்தடியில் தங்கக் கூடாது என்று அம்மா வண்டியை நகர்த்தச் சொன்னாராம். முனி குடியிருக்கும் என்பது அவர் சொன்ன காரணம். இரவில் மரம் கரியமில வாயுவை விடும் என்பது படித்த மகன் கண்டுபிடித்த காரணம். இரண்டாவதும் முதலாவதைப்போன்ற நம்பிக்கைதான். திறந்த வெளியில் இலைகள் விடும் வாயு காற்றோடு கலந்து ஒன்றுமில்லாமல் போய்விடும். மாறாக, நான்கு பேர் ஜன்னல்களை இறுக மூடித் தூங்கும் வண்டிக்குள், காற்று சிறிதும் புகாவிட்டால், ஒரு மணி நேரத்திலேயே கரியமில வாயு வழக்கமான அளவைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்காகிவிடும். எஞ்சினை ஓடவிட்டு ஏசியில் தூங்குவதோ, கார்பன் மோனாக்சைடால் உயிரையே பறிக்கக் கூடியது. அரசமரம் இரவிலும் ஆக்சிஜன் தரும் என்று பெருமையோடு பரப்பப்படுவதும் இதே வகை. வெளிச்சமின்றி எந்த மரமும் ஆக்சிஜன் தராது.

ஆகவே வரும் கோடைக்கு அவர் இப்படிச் செய்யலாம். வேலூர் ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, மே மாதம் முழுதும் உச்சியிலிருந்து சற்று வடக்கே தள்ளியே கடக்கிறது. எனவே வண்டிக்கு மேற்கிலும் வடமேற்கிலும் அடர்ந்த மரம் இருக்கும்படி நிறுத்தினால், மூன்று மணி வெயில் பக்கவாட்டுக் கண்ணாடியில் ஏறாது. மரம் புங்கமாக இருந்தால் நல்லது. அது கோடைக்கு முன்பே பழைய இலையை உதிர்த்துப் புதுத் தளிரோடு நிற்கும். காய்ந்த கிளை மேலே தொங்கவில்லையா என்று ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொள்ள வேண்டும். கோடைமழைக்கு முன் வீசும் திடீர்க் காற்று முதலில் முறிப்பது அதைத்தான். கூரையில் சூரிய மின்தகடு வைத்திருந்தால், அதன் ஒரு மூலையில் விழும் நிழலே மின்சாரத்தை வெகுவாகக் குறைத்துவிடும் என்பதால், நீண்ட கம்பியோடு தகட்டைக் கழற்றி வெயிலில் சாய்த்துவைக்கும்படி அமைத்துக்கொள்வது நல்லது. பொழுது சாய்ந்ததும், வானம் தெளிவாக இருந்தால், வண்டியை முப்பது அடி நகர்த்தி வெட்டவெளியில் விட்டு ஜன்னல்களைத் திறந்துவைக்கலாம். அம்மா சொன்னதைக் கேட்டதாகவும் ஆகும்.