வேலை செய்யாத சில்லு

கொட்டாஞ்சேனை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நீர்வெட்டு முடிந்து தண்ணீர் திரும்பி வரும்போது குழாய் முதலில் சீறுகிறது, துப்புகிறது. அந்த நேரம் போய்ப் பார்த்தால் மீற்றர் கிறுகிறுவென்று சுற்றுகிறது. தண்ணீரே இன்னும் வரவில்லை. காற்றுக்கும் நாங்கள் காசு கட்டுகிறோமா?"

கட்டுகிறீர்கள், கொஞ்சம். ஏன் என்று சொல்வதற்கு முன் அந்த மீற்றரின் பெரிய அண்ணனை அறிமுகப்படுத்த ஆசை.

வீட்டு மீற்றர்கள் பலவற்றுக்குள் ஓடுவது ஒரு குட்டிச் சில்லு. அதே குடும்பத்தில் பிறந்த டர்பைன் மீற்றர் பெருங்குழாய்களில் வேகமாக ஓடும் திரவத்தை அளக்கிறது. கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் இறக்கும் எரிபொருள் குழாய் வழியாகத்தான் கொலன்னாவைத் தாங்கிகளுக்குப் போகிறது. முத்துராஜவெல தாங்கிகளுக்கோ கடலில் நிற்கும் மிதவை ஒன்றிலிருந்து குழாய் வருகிறது. இந்த மாதிரிக் குழாய்களில் ஓடுவதை நிறுத்தி வைத்து அளக்க முடியாது, ஓட ஓட எண்ண வேண்டும். பெற்றோல், டீசல், விமான எரிபொருள் போன்ற இலகுவான எண்ணெய்கள் கைமாறும் இடங்களில் அந்த எண்ணும் வேலையை உலகெங்கும் நெடுங்காலமாகச் செய்து வருவது டர்பைன் மீற்றர். கருத்து பழசு. ஹம்பேர்க்கைச் சேர்ந்த பொறியியலாளர் ரைன்ஹார்ட் வோல்ட்மன் 1790 இலேயே ஆற்று நீரின் வேகத்தைச் சுழலும் சில்லால் அளந்து காட்டிவிட்டார். பெரிய தண்ணீர்க் குழாய்களில் பூட்டும் ஒரு வகை மீற்றருக்கு இன்றும் அவர் பெயர்தான்.

உள்ளே அதிகம் ஒன்றும் இல்லை. குழாயின் நடுவில், ஓட்டத்துக்கு முகம் காட்டியபடி, சாய்வான இதழ்கள் கொண்ட ஒரு சில்லு. திரவம் ஓடினால் அது சுற்றும். வெளியே ஒரு நிலைக்காந்தமும் கம்பிச் சுருளும். இதழ்கள் காந்தத்தால் கவரப்படும் உருக்கு, குழாய்ச் சுவரோ கவரப்படாத வகை உருக்கு. ஒவ்வோர் இதழும் காந்தத்தைக் கடக்கும்போது சுருளூடான காந்தப் பாயம் மாறுகிறது, ஒரு சின்ன மின்துடிப்பு பிறக்கிறது. உயர்தரத்தில் படித்த பரடேயின் விதிதான். குழாயில் ஒரு துளைகூடப் போடாமல் உள்ளே நடப்பதை வெளியே எண்ணிவிடலாம். துடிப்பின் உயரம் கூடினாலும் குறைந்தாலும் கவலையில்லை, எண்ணிக்கை மட்டும் போதும். சில்லு ஒருமுறை சுற்ற 5 லீற்றர் கடக்கிறது, இதழ்கள் 10 என்று வையுங்கள். லீற்றருக்கு 2 துடிப்பு. இதைத்தான் கே காரணி என்கிறார்கள். செக்கனுக்கு 200 துடிப்பு வந்தால் ஓட்டம் செக்கனுக்கு 100 லீற்றர், அதாவது 13,200 லீற்றர் பவுசர் ஒன்று இரண்டே கால் நிமிடத்துக்குள் நிரம்பிவிடும் வேகம்.

சரி, இதுவரை எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லும். எனக்குப் பிடித்த இடம் இனித்தான். ஓட்டம் இரட்டித்தால் சில்லின் வேகமும் ஏன் சரியாக இரட்டிக்க வேண்டும்? தள்ளும் விசை திரவ வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறதே. அப்படியானால் சில்லு நாலு மடங்கு வேகம் எடுக்க வேண்டாமா?

விக்டோரியா மின்நிலையத்தில் இருப்பவையும் டர்பைன்கள்தான். மூன்று சேர்ந்து 210 மெகாவாற்று. அவற்றின் வேலை தண்ணீரிடமிருந்து சக்தியைப் பிடுங்குவது. அதற்காகத் தண்ணீரின் பாதையை வளைக்கின்றன, வேகத்தையும் அமுக்கத்தையும் பறிக்கின்றன. மீற்றரில் இருக்கும் சில்லுக்கு ஒரு வேலையும் கிடையாது. எதையும் இழுப்பதில்லை, எந்த மின்பிறப்பாக்கியையும் சுழற்றுவதில்லை. வேலையே இல்லாத ஒரு சாய்ந்த இதழ் எந்த வேகத்தில் சுற்றும்? திரவம் தன் பாட்டில் நேராகப் போக, தான் அதன் வழியில் குறுக்கே நிற்காமல் விலகிக்கொள்ளும் வேகத்தில். பலகைக்குள் இறங்கும் ஸ்குரூவைப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு எவ்வளவு உள்ளே போகும் என்பதை அதன் புரி தீர்மானிக்கிறது, நீங்கள் வேகமாகத் திருகினாலும் மெதுவாகத் திருகினாலும் அந்தத் தூரம் மாறாது. இங்கே ஸ்குரூ ஓரிடத்தில் நிற்க, பலகைக்குப் பதில் டீசல் அதனூடாகப் போகிறது.

சில்லு கொஞ்சம் பிந்தினால் திரவம் இதழின் முகத்தில் மோதி அதை முன்னே தள்ளும். முந்தினால் இதழின் முதுகில் பட்டுத் தடுக்கும். இரண்டு பக்கமும் திருத்தம். அந்தத் தள்ளலின் பலம் திரவ வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது என்றோமே, அது சில்லை மேலும் மேலும் ஓடவிடுவதில்லை, அதன் சரியான இடத்தில் இன்னும் இறுக்கிப் பிடித்து வைக்கிறது. ஆகவே கே காரணி என்பது கடைசியில் இதழ்களின் எண்ணிக்கையும் சாய்வும் குழாயின் பருமனும் மட்டும்தான். உலோகத்தில் வெட்டிய வடிவமே அளவுகோலாகிவிடுகிறது. எத்தனை தரம் யோசித்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

இதிலிருந்து மீற்றரின் எல்லா நோய்களையும் நாமே ஊகித்துவிடலாம். சில்லைக் கொஞ்சமாவது வேலை வாங்கும் எதுவும் பிழையைத் தரும். பெயாரிங்கின் உராய்வு ஒரு வேலை. துடிப்பைத் தரும் அதே காந்தம் இதழைப் பிடித்து இழுப்பது இன்னொரு வேலை. வேகமான ஓட்டத்தில் இவை தூசு, ஓட்டம் தளரும்போது சில்லு இவற்றுக்காகப் பிந்தத் தொடங்கி மீற்றர் குறைத்துக் காட்டும். வழமையான டர்பைன் மீற்றரை அதன் உச்ச ஓட்டத்தின் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே நம்பக் கூடாது என்பதன் காரணம் இதுதான். பிசுக்குமை கூடிய, அதாவது இலகுவில் ஓடாத தடித்த எண்ணெய் சில்லோடு ஒட்டி உரசும், கே காரணி மாறாமல் இருக்கும் வீச்சு சுருங்கிவிடும். அதனால்தான் சுத்திகரிக்காத மசகு எண்ணெய்க்கு இரண்டே இதழ்கள் கொண்ட, நீளமாக முறுக்கிய வேறு வகைச் சில்லு போடுகிறார்கள்.

உராய்வைக் குறைக்க ஓர் அழகான தந்திரம் உண்டு. ஓட்டம் சில்லைச் சதா பின்னால் தள்ளிக்கொண்டே இருக்கும், அந்தப் பக்கத்துப் பெயாரிங்தான் முதலில் தேயும். சில வடிவங்களில் சில்லுக்கு முன்னால் நடுக்கூம்பைத் தடிப்பாக்கித் திரவத்தை ஒடுக்குகிறார்கள். அங்கே வேகம் கூடி அமுக்கம் விழுகிறது. சில்லைத் தாண்டியதும் வழி அகலும், அமுக்கம் கொஞ்சம் மீளும். பேர்ணூலி சொன்னபடியே. பின்னால் கூடிய அமுக்கம் சில்லை முன்னோக்கித் தள்ள, இரண்டு தள்ளலும் சமப்படும் இடத்தில் சில்லு எதிலும் முட்டாமல் மிதந்தபடி சுற்றும்.

இன்னொரு நோய் சுழிப்பு. முழங்கை வளைவைத் தாண்டி வரும் திரவம் முறுக்கிக்கொண்டு வரும். சில்லு சுற்றும் திசையிலேயே முறுக்கினால் எண்ணிக்கை கூடும், எதிர்த்திசை என்றால் குறையும். ஆகவே மீற்றருக்கு முன்னால் குழாயின் விட்டத்தைப்போல் 10 மடங்கு, பின்னால் 5 மடங்கு நேரான நீளம் விடுவார்கள், முன்பக்கத்தில் ஓட்டத்தை நேராக்கும் தகடுகளும் வைப்பார்கள்.

இப்போது காற்றுக்கு வருவோம். தண்ணீர் காற்றை விட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தி. அதே அமுக்கம் தள்ளும்போது வெளியேறும் வேகம் அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறு, ஆக காற்று தண்ணீரை விட 28 மடங்கு அளவில் வேகமாக ஓடப் பார்க்கும். சில்லு அதை அப்படியே எண்ணும், அதற்குப் பதார்த்தம் தெரியாது, கனவளவு மட்டுமே தெரியும். நல்ல காலம், வீதிக் குழாயிலிருந்து உங்கள் வாசல்வரை நிற்கும் காற்று அதிகமில்லை, சீற்றம் சீக்கிரம் ஓய்ந்துவிடும். தண்ணீர் வரும்வரை குழாய்களை மூடியே வைத்து, பிறகு ஒன்றை மட்டும் மெல்லத் திறந்தால் மீற்றரும் தப்பும். எண்ணெய்க் குழாய்க்காரருக்கு இது கணக்குப் பிழையோடு முடியும் விடயமில்லை. காற்றுத் திரள் ஒன்று உள்ளே நுழைந்தால் சில்லு வெறிபிடித்துச் சுற்றிப் பெயாரிங்கை நாசமாக்கிவிடும். அதனால் முன்கூட்டியே காற்றைப் பிரித்து வெளியேற்றும் பாத்திரம் ஒன்று வைக்கிறார்கள்.

நல்ல டர்பைன் மீற்றர் 0.25 சதவீதத்துக்குள் நிற்கும். பெரிய எண்ணிக்கையில் அது சிறிய பிழையில்லை. 4 கோடி லீற்றர் இறக்கும் கப்பலில் 0.25 சதவீதம் என்றால் 1 இலட்சம் லீற்றர். ஆகவே மீற்றரை அது பூட்டிய இடத்திலேயே, அதே எண்ணெயை ஓடவிட்டுச் சோதிக்கிறார்கள். குழாயை விடச் சற்றே பெரிய றப்பர்ப் பந்து ஒன்றை இறுக்கி உள்ளே விட, எண்ணெய் அதைத் தள்ளிக்கொண்டு போகும். வழியில் இரண்டு ஆளிகள். அவற்றுக்கிடையே உள்ள கனவளவு முன்னரே மிகத் துல்லியமாக அளந்து வைத்தது. பந்து முதல் ஆளியைத் தொட்டதிலிருந்து இரண்டாவதைத் தொடும்வரை மீற்றர் எத்தனை துடிப்புத் தந்தது என்று எண்ணினால் அன்றைய கே காரணி கையில். பொதுவான வழக்கம் ஐந்து ஓட்டம், ஐந்தும் ஒன்றுக்கொன்று 0.05 சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும்.

இந்த மாதிரி வேலைக்கு யாரும் மாலை போடுவதில்லை. நம் நாட்டில் 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அளவீட்டு நியமங்களுக்கென்றே ஒரு திணைக்களம் இயங்குகிறது, அது இருப்பதே பலருக்குத் தெரியாது. ஆராய்ச்சிக்கு நாடு ஒதுக்குவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1 சதவீதத்துக்கு எவ்வளவோ கீழே. அதில் அளவுகோல்களைச் சரிபார்க்கும் ஆய்வுகூடத்துக்கு என்ன மிஞ்சும்? டொலர் கொடுத்து ஒவ்வொரு லீற்றரையும் வாங்கும் தீவில் கஞ்சத்தனம் காட்டக்கூடாத இடம் இது என்பது என் கட்சி.

கடைசியாக வெப்பநிலை. பெற்றோல் ஒரு பாகை செல்சியசுக்கு ஏறக்குறைய 0.1 சதவீதம் விரியும். எண்ணெய் வணிகத்தில் பெரும்பாலும் 15 பாகைக்குத் திருத்திக் கணக்குப் பார்க்கிறார்கள், கொழும்பு வெயிலிலோ எண்ணெய் 30 பாகையில் ஓடும். அந்த 15 பாகையை மறந்தால் நம் 4 கோடி லீற்றரில் 6 இலட்சம் லீற்றர் வித்தியாசம், அதாவது 45 பவுசர். இதை அரைகுறையாகக் கேள்விப்பட்டவர்கள்தான் "விடியக்காலையில் பெற்றோல் அடித்தால் கூடக் கிடைக்கும்" என்று கிளப்பிவிட்டார்கள். பெற்றோல் செட்டின் தாங்கி மண்ணுக்கடியில் இருக்கிறது, விடியலும் மதியமும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு பாகை குறைந்தே இருந்தாலும் 10 லீற்றருக்கு உங்களுக்குக் கிடைக்கும் லாபம் 10 மில்லிலீற்றர். நித்திரையைக் கெடுத்துக்கொண்டு போகாதீர்கள்.