யாருமே படிக்காத புத்தகம் என்று சொல்வதற்கு முன்

எங்கள் நூலகத்தில் மாதம் ஒருமுறை வாசகர்கள் கூடிப் பேசுகிறோம். இருபது, இருபத்தைந்து பேர் வருவார்கள். சில மாதங்களுக்கு முன், ஐம்பது வருஷமாக மறுபதிப்பே காணாமல் இருந்து அண்மையில் வெளிவந்த ஒரு நாவலை எடுத்துக்கொண்டோம். பேச்சு சூடாகத்தான் போனது. இப்பேர்ப்பட்ட எழுத்தை எப்படிக் கோட்டை விட்டோம், விமர்சகர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள், பதிப்பாளர்களுக்குக் கண் இல்லையா என்று ஆளாளுக்கு ஆதங்கப்பட்டார்கள். முக்கால் மணி நேரம் ஓடிய பிறகுதான் எனக்கு உறைத்தது. நாவலில் வரும் ஒருவர் பெயரைக்கூட அதுவரை யாரும் உச்சரிக்கவில்லை.

நூலகராக இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இது எனக்குப் பழகிய காட்சி. மீட்டெடுக்கப்பட்ட நூல் என்றாலே, நூலை விட அது தொலைந்த கதை நம்மை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. ஜான் வில்லியம்ஸின் ‘ஸ்டோனர்’ நாவல் பற்றி எத்தனையோ பேர் என்னிடம் பேசியிருக்கிறார்கள். 1965-ல் வந்தது, இரண்டாயிரம் பிரதி போல விற்று நின்றுபோனது, ஆசிரியர் 1994-ல் இறந்தார், 2006-ல் நியூயார்க்கில் மறுபதிப்பு, 2011-ல் அன்னா கவால்டா பிரெஞ்சில் கொண்டுவந்தார், அதற்கப்புறம் ஐரோப்பா முழுக்கப் பேச்சு. எல்லாம் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் விவசாயம் படிக்க வந்த ஒரு பையன், இலக்கிய வகுப்பில் ஆசிரியர் கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் வாயடைத்து நிற்கிற அந்த இடத்தைச் சொன்னவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். அந்த இடத்தில்தான் அவன் வாழ்க்கையே திரும்புகிறது.

அதனால் எங்கள் கூட்டத்தில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பேச எழுந்திருப்பவர் முதலில் அந்த நூலிலிருந்து அரைப் பக்கம் வாசிக்க வேண்டும். பிடித்த பக்கம்தான் என்றில்லை, உறுத்திய பக்கமாகவும் இருக்கலாம். அப்புறம் என்ன வேண்டுமானாலும் பேசலாம். இந்த ஒரு மாற்றத்தில் கூட்டமே வேறு மாதிரி ஆகிவிட்டது. புறக்கணிப்பைப் பற்றிப் பேசுவதற்குப் புத்தகத்தைப் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை, அதுதான் அந்தப் பேச்சில் இருக்கிற ஆபத்து. அது சுலபமாக வரும், சுலபமாகத் தீர்ந்தும் போகும். அடுத்த மாதம் வேறொரு ‘மறக்கப்பட்ட’ நூல் கிடைத்ததும் இதை விட்டுவிடுவோம்.

‘யாருமே படிக்கவில்லை’ என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் நான் கொஞ்சம் நிறுத்திக் கேட்கிறேன். யாருமே என்றால் யார்?

உ.வே.சாமிநாதையர் கதை எல்லோருக்கும் தெரியும். 1880-ல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்குகிறார். முதலியார் அசரவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்கிறார். படித்ததில்லை. அந்த ஒரு உரையாடல்தான் 1887-ல் சீவக சிந்தாமணிப் பதிப்பாகவும், 1892-ல் சிலப்பதிகாரமாகவும், 1894-ல் புறநானூறாகவும், 1898-ல் மணிமேகலையாகவும் விளைந்தது. மேடைகளில் நாம் சொல்வது இதோடு முடிந்துவிடும்.

முடியக் கூடாது. அதே ஊரில், சிந்தாமணியில் வரும் சமணக் கருத்துகள் புரியாமல் ஐயர் ஜைன அன்பர்களைத் தேடிப் போகிறார். போன வீட்டு வாசலில் தோரணமும் கோலமுமாக இருக்கிறது. என்ன விசேஷம் என்று கேட்டால், அங்கே சிந்தாமணி பாடம் கேட்டு வந்தார்களாம், அது அன்றைக்குத்தான் நிறைவு பெற்றதாம். ஏட்டை வைத்துக்கொண்டு பொருள் தெரியாமல் தவித்துக்கொண்டிருந்த நூல், பக்கத்திலேயே ஒரு வீட்டில் பாடமாக நடந்து, பண்டிகை மாதிரி நிறைவு கொண்டாடப்பட்டிருக்கிறது! இதை அவர் ‘என் சரித்திர’த்தில் எழுதியிருக்கிறார். தமிழ் வித்துவான்கள் பலர் மறந்திருந்தார்கள் என்பது உண்மை. தமிழர்கள் எல்லோரும் மறந்திருந்தார்கள் என்பது உண்மை இல்லை.

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஜோரா நீல் ஹர்ஸ்டன் கதையும் இப்படித்தான். அவருடைய ‘தெயர் ஐஸ் வேர் வாட்சிங் காட்’ 1937-ல் வந்தது. 1960-ல் அவர் ஏழ்மையில் இறந்து, பெயர் பொறிக்காத குழியில் புதைக்கப்பட்டார். 1973-ல் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் ஃபுளோரிடாவில் புதர் மண்டிய இடுகாட்டில் அந்தக் குழியைத் தேடி ஒரு கல் நட்டார், 1975-ல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். இது பிரபலமான பகுதி. அந்த வருஷங்களில் கறுப்பினப் பெண் ஆசிரியர்கள் அந்த நாவலின் நகல்களைக் கைமாற்றிப் படித்துக்கொண்டும் பாடம் நடத்திக்கொண்டும் இருந்தார்கள், மறுபடி அச்சிடக் கோரிக் கையெழுத்து வாங்கினார்கள் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. இல்லினாய் பல்கலைக்கழகப் பதிப்பு 1978-ல் வந்ததற்கு அந்தக் கையெழுத்துகளுக்கும் பங்கு உண்டு. வாக்கர் நட்ட கல்லில் பிறந்த வருஷம் 1901 என்று இருக்கிறது. ஹர்ஸ்டன் பிறந்தது 1891-ல். அன்போடு மீட்டெடுக்கும் கையிலும் பிழை வரும். பிறகு வருகிறவர்கள்தான் அதைச் சரிபார்க்க வேண்டும்.

சரி, நூல்கள் எப்படித் தொலைகின்றன? சதி, பொறாமை, காலத்தின் கொடுமை என்றெல்லாம் சொல்வார்கள். சில நேரம் அதுவும் உண்டு. நான் பார்த்தவரை பெரும்பாலும் ஒரு மேஜையில், ஒரு சாதாரண நாளில், ஒரு கையெழுத்தில் தொலைகின்றன. அந்தக் கையெழுத்து என்னுடையதாகவும் இருந்திருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த நான்காவது வருஷம். அலமாரியில் இடம் இல்லை, பத்து வருஷமாக வெளியே போகாத புத்தகங்களை ரைட் ஆஃப் செய்யச் சொன்னார்கள். கடைசிப் பக்கத்து டேட் ஸ்லிப்பைப் பார்ப்போம், தேதி முத்திரை பழசாக இருந்தால் பட்டியலில் சேர்ப்போம். அப்படி நான் எழுதிய பட்டியலில் ஒரு சிறுகதைத் தொகுப்பு இருந்தது. தையல் விட்டிருந்தது, முதல் எட்டுப் பக்கம் தனியாகக் கழன்றிருந்தது. ஊதா முத்திரைகள் வரிசையாக இருந்து, பாதிச் சீட்டில் நின்றுபோயிருந்தன. பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே சிவப்பு மையில் கோடு போட்டேன். ஆறு வருஷம் கழித்து ஒரு ஆய்வு மாணவி அதே தொகுப்பைக் கேட்டு வந்தார். பதிவேட்டை விரித்துக் காட்டினேன். என் கோடு அங்கே இருந்தது. “வேற எங்கேயும் கிடைக்கலை சார், இங்கதான் இருக்குன்னு சொன்னாங்க” என்றார். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. இரவல் போகாத புத்தகத்தை நூலகத்திலேயே உட்கார்ந்து படித்துவிட்டுப் போகிறவர்கள் இருப்பார்கள். டேட் ஸ்லிப்பில் அது விழாது. இப்போது கழிக்கும் முன் மற்ற நூலகப் பட்டியல்களில் தேடுகிறேன். வேறு பிரதி கண்ணில் படவில்லை என்றால் கழிப்பதில்லை.

இன்னொரு தொலைப்பு, புத்தகம் அலமாரியிலேயே இருக்கும்போது நடப்பது. கார்டு பட்டியலைக் கணினிக்கு மாற்றியபோது ஒரே ஆசிரியர் நான்கு பேராகிவிட்டார். முன்னெழுத்தோடு ஒரு தடவை, இல்லாமல் ஒரு தடவை, புனைபெயரில் ஒரு தடவை, எழுத்துப் பிழையோடு ஒரு தடவை. தேடுகிறவர் ஒரு பெயரை அடித்துப் பார்த்து, இல்லை என்று வந்தால் போய்விடுவார். கண்டெடுத்தேன் என்று பெருமையாகச் சொல்லப்படும் நூல்களில் கணிசமானவை இப்படித் தப்பாகப் பதிவாகி உட்கார்ந்திருந்தவை. ஆகவே கணினியில் இல்லை என்றதும் திரும்பிவிடாதீர்கள். நூலகரிடம் பேசுங்கள், அந்தத் துறை அலமாரிக்கே போய் விரலால் தடவிப் பாருங்கள்.

அப்புறம் உரிமை. இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை, பல நாடுகளில் 70. ஆசிரியர் இறந்துவிட்டார், பதிப்பகம் மூடிவிட்டது, வாரிசு யாரென்று தெரியவில்லை, உரிமையோ இன்னும் முடியவில்லை. ஒரு புத்தகத்துக்கு மிக ஆபத்தான வயது இதுதான். வாரிசாக இருக்கிறவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். உங்கள் பாட்டனாரோ அத்தையோ எழுதியிருந்தால், உரிமை யாரிடம் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி நூலகத்திலோ பதிப்பாளரிடமோ கொடுத்து வையுங்கள். பணம் பெரிதாக வராமல் போகலாம். அனுமதி கேட்க ஆள் கிடைத்தாலே புத்தகம் பிழைத்துக்கொள்ளும்.

வைத்திருப்பவர்களைப் பற்றித்தான் எனக்கு இன்னும் நிறையச் சொல்லத் தோன்றுகிறது. பிரான்சில் வாழ்ந்த யூத எழுத்தாளர் இரேன் நெமிரோவ்ஸ்கி 1942-ல் ஆஷ்விட்ஸ் நாஜி முகாமில் இறந்தார். அவர் மகள் தெனீஸ் ஒரு பெட்டியில் அம்மாவின் நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டே ஓடி ஒளிந்து வளர்ந்தார். நாட்குறிப்பாக இருக்கும், படித்தால் தாங்க முடியாது என்று பல பத்தாண்டுகள் அதைப் படிக்கவே இல்லை. அதில் இருந்தது நாவல். பொடி எழுத்து, பூதக்கண்ணாடி வைத்துத்தான் அவரால் படியெடுக்க முடிந்தது. 2004-ல் ‘சுவீத் பிரான்சேஸ்’ வந்தது. ஹெர்மன் மெல்வில் விஷயத்தில் அது பேத்தி. ‘மோபி டிக்’ 1851-ல் வந்து, அவர் 1891-ல் இறக்கும்வரை அமெரிக்காவில் 3,000 சொச்சம் பிரதிதான் போனது. 1919-ல் அவருடைய நூற்றாண்டை ஒட்டி ஒரு கட்டுரை எழுதும்படி கார்ல் வான் டோரன் தன் சக ஆசிரியர் ரேமண்ட் வீவரிடம் சொல்ல, அவர் போய்ப் பேத்தியிடம் கேட்க, அவர் பாதுகாத்த தாள்களுக்கு நடுவே அச்சேறாத ‘பில்லி பட்’ இருந்தது. 1924-ல் அது அச்சானது. பேத்தி அதற்குள் வீட்டை ஒழித்திருந்தால் வீவர் என்ன செய்திருப்பார்?

வீடு ஒழிக்கிறவர்களுக்கு நான் கெஞ்சிக் கேட்பது அதனால்தான். பழைய தாளோடு தாளாக எடைக்குப் போடும் முன் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். தலைப்புப் பக்கத்தையும், அதற்குப் பின்பக்கத்தையும் போனில் படம் எடுத்து ஏதாவது ஒரு நூலகருக்கு அனுப்புங்கள். கிழிந்த பக்கத்துக்கு செல்லோ டேப் மட்டும் ஒட்டாதீர்கள். சில வருஷத்தில் பசை பழுப்பாகி எழுத்துக்குள் இறங்கிவிடும், பிரித்தால் எழுத்தோடு வரும். வெள்ளைத் தாளில் சுற்றி, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் படுக்கை வாட்டில் வைத்தால் போதும்.

மறுபதிப்பு வந்துவிட்டதா, சந்தோஷம். ஆனால் எந்தப் பிரதியிலிருந்து வந்தது என்று பாருங்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் முத்துப்பழனி தெலுங்கில் பாடிய ‘ராதிகா சாந்த்வனம்’ பாயிரமும் சில பாடல்களும் நீக்கப்பட்டே முதலில் அச்சில் உலவியது. பெங்களூர் நாகரத்தினம்மாள் முழு மூலத்தைத் தேடிப் பிடித்து 1910-ல் பதிப்பித்தார். அரசு தடை செய்தது, 1947-ல்தான் தடை நீங்கியது. குறைப் பதிப்பைப் படித்தவர்களும் அந்த நூலைப் படித்ததாகத்தான் நினைத்திருப்பார்கள். இப்போது வேறு வகையில் குறை சேர்கிறது. பழைய அச்சைப் படமெடுத்து, மென்பொருள் வைத்து எழுத்தாக்கி, திருத்தாமல் அச்சடிக்கிறார்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய லை, னை, றா, னா வடிவங்களைப் பார்த்ததும் மென்பொருள் தடுமாறும். ரகரத்துக்கும் கால் குறிக்கும் வித்தியாசம் தெரியாமல் ‘மரம்’ ‘மாம்’ ஆகிவிடும். ஏட்டுச் சுவடியில் உ.வே.சா. பட்ட அதே பாடு. அவர் பல ஏடுகளை ஒப்பிட்டுத் தீர்த்தார். இன்றைய பதிப்பில் ‘மாம்’ கண்டால் பதிப்பாளருக்கு எழுதுங்கள், அடுத்த பதிப்பில் திருந்தும்.

முதலில் சொன்ன கூட்டத்துக்கு வருகிறேன். கடைசி வரிசையில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். எல்லோரும் பேசி முடித்ததும், “தம்பி, இது தொடர்கதையா வந்தப்பவே நான் படிச்சேன். முடிவு இப்படி இல்லையே” என்றார். மறந்தவர்கள் பட்டியலில் நாங்கள் சேர்க்காத ஒரு வாசகி. வாரா வாரம் பத்திரிகையிலிருந்து பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்திருந்தாராம்.

அடுத்த மாதம் துணிப் பையில் சுற்றிக் கொண்டுவந்தார். பச்சைக் காலிகோ அட்டை. நூல் கோத்த இடத்தில் கோந்து காய்ந்து உதிர்கிறது. ஒவ்வொரு அத்தியாயத்தின் கீழேயும் பாதி துணுக்கு, பாதி விளம்பரம். ஓரங்களில் அவரே பென்சிலில் தேதி எழுதியிருக்கிறார். மறுபதிப்போடு வரி வரியாக வைத்துப் பார்த்தோம். அவர் சொன்னது சரிதான். கடைசி அத்தியாயத்துக்கு முந்தைய வாரத்தில், தாயும் மகளும் கிணற்றடியில் பேசிக்கொள்ளும் ஒன்றரைப் பக்கம் தொடரில் இருக்கிறது, புத்தகத்தில் இல்லை. ஆசிரியரே நீக்கினாரா, அச்சுக்கூடத்தில் விட்டுப்போனதா என்று சொல்வதற்கு இன்னொரு பிரதி வேண்டும். அந்த ஒன்றரைப் பக்கத்தை அந்த அம்மாவையே வாசிக்கச் சொன்னோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நின்றுகொண்டே வாசித்தார்.