பாக்கெட் மல்டிடூல்: சூட்சுமம் மடிப்பில் இருக்கிறது

பல கருவிகள் ஒரே பிடிக்குள் மடியும் மல்டிடூலை வாங்கப் போகிறவர் முதலில் எண்ணிப் பார்ப்பது உள்ளே எத்தனை கருவிகள் என்றுதான். அட்டைப்பெட்டியிலும் அதுவே பெரிய எழுத்தில் இருக்கும். ஆனால் தினமும் புழங்கும்போது வேறு இரண்டு விஷயங்கள்தான் தெரியவரும்: எந்தக் கருவி எந்தப் பக்கம் மடிகிறது, விரித்த பிறகு அதை எது பிடித்து நிறுத்துகிறது.

சுவிஸ் கத்தியில் பிடித்து நிறுத்துவது முதுகு ஸ்பிரிங். 1897இல் சுவிஸ் கத்தித் தயாரிப்பாளர் கார்ல் எல்ஸ்னர் பதிவு செய்த, ராணுவ அதிகாரிகளுக்கான கத்தியின் சாமர்த்தியமே இதுதான்: இரண்டே ஸ்பிரிங் பட்டைகள் ஆறு கருவிகளைத் தாங்கின. பட்டையின் இரு முனையும் ஆளுக்கொரு கருவியின் அடிப்பகுதியை அழுத்தும். முதுகுப்பக்கத்து கார்க் திருகும் அதே பட்டையில்தான் சாய்ந்திருக்கும். கருவியின் அடி சதுரமாக இருப்பதால், முழுக்க விரிந்த நிலையிலும் மூடிய நிலையிலும் ஸ்பிரிங் தட்டையாகப் படிந்து நிற்கும். வெட்டும்போது விசை கத்தியை மேலும் திறக்கவே பார்க்கும் என்பதால் பூட்டு தேவைப்படாது. முதுகில் அழுத்தம் விழுந்தாலோ, முனையால் குத்தினாலோ மடிந்து விரலில் இறங்கும்.

எஃகும் எல்லாவற்றுக்கும் ஒரே பதம் இல்லை. எல்ஸ்னரின் நிறுவனமான விக்டோரிநாக்ஸ் தரும் ராக்வெல் கடினத்தன்மை (எண் கூடினால் எஃகு கடினம்) கத்திக்கு 56, கத்தரிக்கு 53, திருப்புளிக்கும் டப்பா திறப்பானுக்கும் 52, ஸ்பிரிங்குக்கு 49. கத்தி அளவுக்குத் திருப்புளியையும் கடினமாக்கினால் முனை தெறித்துவிடும். ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால் வளையாமல் முறியும்.

குறடு வைத்த மல்டிடூல் வேறு சாதி. டிம் லெதர்மன் 1980இல் காப்புரிமை பெற்று, 1983இல் பிஎஸ்டி (பாக்கெட் சர்வைவல் டூல்) என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். வளைத்த தகட்டால் ஆன இரண்டு கைப்பிடிகள். ஒவ்வொன்றும் ஒரு பக்கம் திறந்த வாய்க்கால். மூடியிருக்கும்போது இரண்டு வாய்களும் ஒன்றையொன்று பார்த்திருக்கும். கத்தியை எடுக்க முதலில் கைப்பிடிகளை விரித்தாக வேண்டும். விரித்துக் குறடாக்கியதும் வாய்கள் வெளிப்பக்கம் திரும்பிவிடும். அப்போது இறுக்கினால் தகட்டின் விளிம்பு நேராக உள்ளங்கையில் பதியும். ஐந்து நிமிடம் கம்பி முறுக்கிப் பார்த்தால் போதும், கை சிவந்துவிடும்.

விக்டோரிநாக்ஸின் ஸ்விஸ்டூல் வாயைத் திருப்பிப் போட்டது. மூடிய நிலையிலேயே எல்லாக் கருவிகளும் வெளியே திறக்கும். குறடாகும்போது கைக்கு வழவழப்பான முதுகு கிடைக்கும். 1998இல் வந்த லெதர்மன் வேவ் நடுவழி எடுத்தது: அடிக்கடி தேவைப்படும் கத்திகள், ரம்பம், அரம் வெளியே, மற்றவை உள்ளே. கத்தியை ஒரு கையாலேயே திறக்கலாம். ஜெர்பர் எம்பி600இலோ குறடு மடிவதே கிடையாது, கைப்பிடிகளுக்கு நடுவே சறுக்கி வெளியே வருகிறது. ஏணியில் நிற்பவருக்கு இதுவே வசதி.

குறட்டின் பலம் எளிய நெம்புகோல் கணக்கு. வெட்டும் இடம் அச்சாணியிலிருந்து 1 செ.மீ., கை பிடிக்கும் இடம் 7 செ.மீ. என்றால் விசை ஏழு மடங்கு. சாவிக்கொத்தில் தொங்கும் குட்டிக் கருவியில் அந்த 7 செ.மீ. 4 ஆகிறது, தடித்த கம்பிக்கு அதை நம்பாதீர்கள். இன்னொன்று, இறுக்கும்போது விசையைத் தாங்க உலோகத் தடுப்பு இருக்கிறது. தாடைகளை வெளிப்பக்கம் அகட்டும்போது தாங்குவது சிறு ஸ்பிரிங் மட்டுமே, அதனால் கைப்பிடி மடங்கிவிடும். சைக்கிள் ஸ்போக் போன்ற கடினக் கம்பியை வெட்டினால் வெட்டும் விளிம்பில் பள்ளம் விழும். மாற்றக்கூடிய வெட்டிகளை வேவின் பிந்தைய வடிவமான வேவ் பிளஸ்ஸில் வைத்திருப்பது இதற்காகத்தான். கைப்பிடி முழுக்க உலோகம், மின்காப்பு கிடையாது. மின்சாரம் ஓடும் கம்பியில் வைக்கவே கூடாது.

திருப்புளிதான் பலருக்கும் ஏமாற்றம் தருவது. கைப்பிடியின் ஓரத்திலிருந்து விரிவதால் சுழலும் மையம் கை நடுவில் வராது. குறுகலான இடத்தில் கைப்பிடி சுவரில் இடிக்கும். சுவிஸ் கத்தியின் முதுகிலிருந்து செங்குத்தாக விரியும் நட்சத்திரத் திருப்புளி, டி வடிவப் பிடியாகி நல்ல முறுக்கு தரும். கழற்றி மாற்றும் திருப்புளி முனையான 6.35 மி.மீ. அறுகோண பிட் தடிமனானது என்பதால் லெதர்மன் தட்டை பிட்டுகளைச் செய்கிறது. தொலைந்தால் கடைத்தெரு பிட் அந்தத் தாங்கியில் பொருந்தாது.

பூட்டு வைப்பதில் சட்டத்துக்கும் பங்குண்டு. பிரிட்டனில் காரணம் சொல்லாமல் வைத்திருக்க அனுமதிக்கப்படுவது 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டில்லாத மடக்குக் கத்தி. ஜெர்மனியிலோ ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைப் பொது இடத்தில் எடுத்துச் செல்லக் கட்டுப்பாடு உண்டு. எந்த நாட்டிலும் விமானத்தில் ஏறும்போது செக்-இன் பெட்டியில் போட்டுவிடுவதே நிம்மதி.

எடையையும் பாருங்கள். விக்டோரிநாக்ஸின் 58 மி.மீ. குட்டிக் கத்தியான கிளாசிக் 21 கிராம், வேவ் பிளஸ் 241 கிராம். பின்னது சட்டைப்பைக்கு ஆகாது, இடுப்பில் உறை வேண்டும்.

பழுதுகளில் பல பைத்தூசால் வருபவை. ஸ்பிரிங் இடுக்கில் பஞ்சு அடைத்தால் கருவி பாதியில் நிற்கும். பூட்டுப் பட்டைக்கு அடியில் மணல் புகுந்தால் பூட்டு அரைகுறையாகப் பிடிக்கும். இளஞ்சூட்டு வெந்நீரில் அமிழ்த்தி, ஒவ்வொரு கருவியையும் பத்துப் பதினைந்து முறை திறந்து மூடுங்கள். நன்றாகக் காயவிட்டு மூட்டுக்கு ஒரே ஒரு சொட்டு எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பிசுபிசுக்கும். தையல் மெஷின் எண்ணெய் போதும். பிறகு, பூட்டுள்ள கத்தி என்றால், அதன் முதுகை ஒரு மரக்கட்டையில் மெல்ல அழுத்திப் பூட்டு நிற்கிறதா என்று சோதியுங்கள். விரல்கள் கத்தியின் பாதைக்கு வெளியே இருக்கட்டும்.