ஏடிஹெச்டி உள்ள பிள்ளைக்குப் பள்ளியில் என்ன உரிமை? அட்டை இல்லாமலும் கேட்கக்கூடியவை

ஏடிஹெச்டி (கவனக்குறைவும் மிகைச் செயல்பாடும் கொண்ட நிலை) என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த அறிக்கையோடு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கப் போகும் பெற்றோர் பலர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் ஆட்டிசம் உண்டு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு உண்டு. ஏடிஹெச்டி தனியாக இல்லை. ஆனால் அட்டை கிடைக்கவில்லை என்பதற்காகப் பள்ளியிடம் எதையுமே கேட்காமல் விட்டுவிடத் தேவையில்லை. பிள்ளைக்கு அன்றாடம் வேண்டியதில் பெரும்பகுதிக்கு அட்டையே அவசியமில்லை.

முதலில், எந்தக் காகிதமும் இல்லாமலே இருக்கும் பாதுகாப்பு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது. அதன் 17-ஆம் பிரிவு அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. நாள் முழுக்க வகுப்புக்கு வெளியே நிறுத்துவது, எல்லோர் முன்னும் அவமானப்படுத்துவது எல்லாம் இதில் அடங்கும் என்றே நாங்கள் படிக்கிறோம். 16-ஆம் பிரிவின்படி எட்டாம் வகுப்பு முடியும் வரை பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்க முடியாது. 2019-இல் வந்த திருத்தம் ஐந்திலும் எட்டிலும் அதே வகுப்பில் தேக்கிவைக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்குத் தந்ததே தவிர, நீக்கும் அதிகாரத்தைத் தரவில்லை. "நீங்களே டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்" என்று பள்ளி வாய்மொழியாகச் சொல்வது இந்தத் தடையைச் சுற்றிப் போகும் வழி. பெற்றோர் தாமாகக் கேட்டு வாங்கியதாகப் பதிவாகிவிட்டால் பிறகு வாதாட இடமில்லை. எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

சேர்க்கையின்போது பிள்ளையைச் சோதித்து வடிகட்டுவதும் 13-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கு 25,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த முறைகளுக்கு 50,000 ரூபாய் வரையும் அபராதம் உண்டு. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பள்ளிகளில் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான் கையில் எடுக்க வேண்டும்.

கண்டறிவதற்கும் அரசு வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே. பரிசோதிக்கும் நிலைகளில் ஏடிஹெச்டியும் ஒன்று. கற்றல் குறைபாடு இன்னொன்று. நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இரண்டு முறையும், அரசுப் பள்ளிக்கும் அரசு உதவி பெறும் பள்ளிக்கும் ஆண்டில் ஒரு முறையும் வர வேண்டும். சந்தேகப்படும் பிள்ளையை டி.இ.ஐ.சி. எனப்படும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. ஒரு வகுப்பையே ஒரு நாளில் பார்க்கும் குழுவின் கண்ணுக்குப் பல்லும் பார்வையும் தெரியும், கவனச்சிதறல் தெரியாது. அதிலும் சத்தம் போடாமல் கனவில் மிதக்கும் பெண் பிள்ளைகள் முற்றிலும் விடுபட்டுப்போவார்கள். ஆகவே குழு வரும் நாளில் வகுப்பாசிரியர் பெயர் சொல்லிக் காட்ட வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது ஆசிரியரின் குறிப்பைக் கையோடு கொண்டுபோங்கள். அறிகுறிகள் 12 வயதுக்கு முன் தொடங்கியிருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும் என்பது நோயறிதலுக்கான அளவுகோல். பள்ளியிலிருந்து ஒரு வரியும் இல்லையென்றால் அறிக்கை அரைகுறையாகவே வரும்.

இனி முக்கியமான இடம். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(எஸ்) பிரிவு, நீண்டகால உடல், மன, அறிவு அல்லது புலன் குறைபாட்டால், சூழலில் உள்ள தடைகளோடு மோதி, பிறருக்குச் சமமாகப் பங்கேற்க முடியாதவரை மாற்றுத்திறனாளி என்கிறது. இந்த வரையறையில் பட்டியலும் இல்லை, குறைபாடு 40 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 40 விழுக்காடு என்பது இட ஒதுக்கீடு, உதவித்தொகை, 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி போன்ற சலுகைகளுக்கான வாசல். 2021 பிப்ரவரியில் விகாஸ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கியது. எழுதும்போது கைத்தசை இறுகும் கோளாறு கொண்ட தேர்வர் அவர். 40 விழுக்காடு இல்லை என்பதற்காக, தேர்வர் சொல்லச் சொல்ல எழுதித் தரும் எழுத்தரை மறுக்க முடியாது, நியாயமான வசதி (அவரவர் தேவைக்கேற்ப செய்து தரும் மாற்றம்) என்பது அந்த அளவோடு கட்டப்பட்டதல்ல என்றது தீர்ப்பு.

அந்த 'நியாயமான வசதி'யைத் தர வேண்டிய கடமை அதே 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆம் பிரிவின்படி அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற எல்லாப் பள்ளிகளுக்கும் உண்டு. தனியார் பள்ளியும் விலக்கல்ல.

கேட்கும் விதத்தில்தான் பல கோரிக்கைகள் தோற்கின்றன. "என் மகனுக்கு ஏடிஹெச்டி, கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதினால் பள்ளிக்கு என்ன செய்வதென்று தெரியாது. எந்த வேலையில், எந்தக் கட்டத்தில், என்ன தடை, அதற்கு என்ன மாற்றம் என்று எழுத வேண்டும்: "40 நிமிடத் தேர்வில் முதல் 15 நிமிடத்துக்குப் பின் தெரிந்த வினாக்களையும் விட்டுவிடுகிறான்; வினாத்தாளை இரண்டாகப் பிரித்து, நடுவில் ஐந்து நிமிடம் எழுந்து நடக்க விடுங்கள்." "பலகையிலிருந்து வீட்டுப்பாடம் எழுதி முடிப்பதற்குள் அழித்துவிடுகிறார்கள். அச்சிட்ட தாள் கொடுங்கள்." சன்னலையும் கதவையும் விட்டுத் தள்ளி முன்வரிசை இடம், ஒரு நேரத்தில் ஒரே கட்டளை, அதையே எழுத்திலும் தருவது, பத்துக் கணக்குக்குப் பதில் அதே வகையில் ஐந்து, தேர்வுக்கு அமைதியான தனி அறை: இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. ஒரே கடிதத்தில் மூன்று நான்கிற்கு மேல் கேட்காதீர்கள்; பத்துக் கேட்டால் ஒன்றும் நடக்காது. கல்வியாண்டின் தொடக்கத்தில் அறிக்கை நகலோடு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை உங்கள் நகலில் வாங்குங்கள். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து எது பலித்தது என்று உட்கார்ந்து பேச ஒரு தேதியையும் கடிதத்திலேயே கேளுங்கள். அந்தத் தேதி இல்லாத ஏற்பாடு ஆசிரியர் மாறியதும் கரைந்துவிடும்.

பொதுத்தேர்வு வேறு கதை. கூடுதல் நேரம், எழுத்தர், இரண்டாம் மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு ஆகியவற்றை 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆனால் தேர்வு வாரியங்கள் சான்றிதழ் கேட்கும். ஏடிஹெச்டி அறிக்கையை மட்டும் வைத்துப் போனால் மறுப்பு வரவே வாய்ப்பு அதிகம். ஏடிஹெச்டி உள்ள பிள்ளைகளில் கணிசமானோருக்கு வாசிப்பிலோ எழுத்திலோ கணக்கிலோ கற்றல் குறைபாடும் சேர்ந்தே இருக்கும். அது பட்டியலில் உள்ளது. வாசிக்கும்போது வரி தவறுவது, எழுத்து விடுபடுவது, ஆண்டுக்கணக்கில் பயிற்சி தந்தும் எழுத்துக்கூட்டல் தேறாதது போன்றவை தெரிந்தால் அதற்கான மதிப்பீட்டைத் தனியாகக் கேளுங்கள். பொதுவாக 8 வயதுக்குப் பிறகே இதற்குச் சான்றிதழ் தருவார்கள். முதலில் பார்வையும் செவியும் சோதித்திருக்க வேண்டும். இரண்டு மூன்று மணி நேரச் சோதனையை ஒரே மூச்சில் நடத்தினால் கடைசிப் பகுதியில் கிடைக்கும் மதிப்பெண் பிள்ளையின் திறனைக் காட்டாது, களைப்பையே காட்டும். இரண்டு அமர்வுகளாகப் பிரிக்கச் சொல்லுங்கள். மருந்து எடுக்கும் பிள்ளை என்றால் உளவியலாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

சான்றிதழுக்கு ஸ்வாவலம்பன் என்ற அரசு இணையதளம் வழியே விண்ணப்பிக்கலாம். மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 59-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். சி.பி.எஸ்.இ. தேர்வில் மணிக்கு 20 நிமிடம் வீதம் மூன்று மணி நேரத் தாளுக்கு 60 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். தமிழ்நாட்டு வாரியத் தேர்வுக்குத் தலைமை ஆசிரியர் வழியே அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பின் பாதியில் தொடங்கினால் நேரம் போதாது. எட்டாம் வகுப்பிலேயே மதிப்பீட்டை முடித்து, ஒன்பதில் பள்ளித் தேர்வுகளிலேயே கூடுதல் நேரத்தைப் பயன்படுத்தப் பழக்குங்கள். எழுத்தருக்குச் சொல்லி எழுதவைப்பதும் பயிற்சியில்தான் வரும்.

பள்ளி ஒத்துழைக்கவில்லையென்றால் முதலில் நிர்வாகத்துக்கும் மாவட்டக் கல்வி அலுவலருக்கும் எழுதுங்கள். அடி, அவமானம், நீக்கம் என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு, அவசரமானால் 1098. வசதி மறுக்கப்பட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தை மீறினால் 89-ஆம் பிரிவின்படி முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். அடுத்த மீறல்களுக்கு 50,000 முதல் 5 லட்சம் வரை. எந்த முறையீட்டிலும் முதலில் கேட்கப்படுவது, பள்ளிக்குக் கொடுத்த கடிதத்தின் கையொப்பமிட்ட நகல்.