டிஸ்ப்ளே வரவில்லையா? போர்டு எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள்

ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு. பழைய கணினி இப்படி நின்றதும் "போர்டு போயிடுச்சு" என்று சொல்லிவிடுவார்கள். பல நேரங்களில் போர்டு, அதாவது எல்லா பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டு, போயிருக்காது. உயிர்பெற்று எழும் வழியில் ஏதோ ஒரு படியில் நின்றிருக்கும்.

இன்டெல் ஜி31 சிப்செட் (சிபியூ, ரேம், டிஸ்க்கை இணைக்கும் சிப்கள்) உள்ள போர்டையே எடுத்துக்கொள்வோம். 2007-இல் வந்தது. எல்ஜிஏ 775 சாக்கெட்டில் கோர் 2 டுவோ சிபியூ (பிராசசர்) உட்காரும். டிடிஆர்2 ரேம் அதிகபட்சம் 4 ஜிபி. பெரும்பாலான போர்டுகளில் டிஸ்க் போன்றவற்றைக் கவனிக்கும் ஐசிஎச்7 சவுத் பிரிட்ஜ் சிப், அதில் டிஸ்க் மாட்ட நான்கு சாட்டா இணைப்பு, பழைய பாணி ஐடிஇ ஒன்று. சாட்டாவின் வேகம் நொடிக்கு 300 எம்பிக்கு மேல் போகாது. ஆனாலும் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) போட்டால் ஆளே மாறிவிடும், ஏனென்றால் பழைய ஹார்ட் டிஸ்க் நேரத்தை வீணாக்குவது தட்டில் தகவலைத் தேடுவதில்தான்.

சரி, பட்டனை அழுத்தினால் என்ன நடக்கிறது? கணினி அணைந்திருக்கும்போதும் மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் ஊதா வயரில் 5 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். பட்டனை அழுத்தியதும் போர்டு பச்சை வயரை கிரவுண்டுக்கு இழுக்கிறது. 12, 5, 3.3 வோல்ட்கள் வருகின்றன. அவை நிலைப்பட்டதும் சாம்பல் நிற வயரில் "எல்லாம் சரி" என்ற சிக்னல் போகிறது. அதுவரை சிபியூ ரீசெட்டிலேயே, அதாவது வேலையைத் தொடங்காமலேயே, இருக்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஃபேனும் டிஸ்க்கும் பெரிய 24 பின் இணைப்பிலிருந்தும் தனி வயர்களிலிருந்தும் ஓடிவிடும். சிபியூவுக்கான மின்சாரம் மட்டும் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன 4 பின் இணைப்பு வழியாக வருகிறது. அதைச் செருக மறந்தால் ஃபேன் ஜோராகச் சுற்றும், திரையில் ஒன்றும் வராது.

அந்த 12 வோல்ட்டை சாக்கெட்டைச் சுற்றியுள்ள காயில்களும் மாஸ்ஃபெட்களும் (மின்சாரத்தை வேகமாக ஆன்-ஆஃப் செய்பவை) சுமார் 1.2 வோல்ட்டாகக் குறைக்கின்றன. 65 வாட் சிபியூ என்றால் 50 ஆம்பியருக்கு மேல்! அந்த மின்சாரத்தை ஏற்ற இறக்கமில்லாமல் தேக்கிக் கொடுப்பவை கெப்பாசிட்டர்கள், மாடியிலிருக்கும் தண்ணீர்த் தொட்டி மாதிரி. பழைய போர்டுகளின் எமனும் இவைதான். 2000-களின் முதல் பாதியில் தரமற்ற எலக்ட்ரோலைட் நிரப்பிய கெப்பாசிட்டர்கள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. உள்ளே வாயு உண்டாகி, மேல்மூடி உப்பி, பழுப்புத் திரவம் கசிந்தது. டெல் நிறுவனம் 2005-இல் ஆப்டிபிளெக்ஸ் கணினிகளைச் சரிசெய்ய ஏறத்தாழ 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டிவந்தது. டார்ச் அடித்து மூடிகளைப் பாருங்கள்: தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தால் அதே மைக்ரோஃபாரட் (கொள்ளளவு), அதே அல்லது கூடுதல் வோல்ட், குறைந்த ஈஎஸ்ஆர் (உள் மின்தடை) உள்ளதாகப் பார்த்து மாற்ற வேண்டும். சாதாரண வகையைப் போட்டால் கொஞ்ச நாளில் அதுவும் உப்பும்.

மின்சாரம் சரி என்றால் ரீசெட் விடுபடும். 4 ஜிபி முகவரி எல்லைக்கு 16 பைட் கீழே இருந்து சிபியூ முதல் கட்டளையை எடுக்கிறது. அங்கே இருப்பது கணினியைத் தொடக்கிவைக்கும் புரோகிராம் உள்ள பயாஸ் சிப். இந்தக் கட்டத்தில் ரேம் இன்னும் தயாராகவில்லை, ஆனாலும் பயாஸ் ஓடுகிறது. இதை வைத்து ஒரு பைசா செலவில்லாத சோதனை செய்யலாம். எஸ்எம்பிஎஸ்ஸை அணைத்துவிட்டு ரேம் எல்லாவற்றையும் கழற்றுங்கள், போர்டில் மாட்டும் சின்ன பீப் ஸ்பீக்கரை மாட்டி ஆன் செய்யுங்கள். நீளமாகக் கத்தினால் சிபியூ, பயாஸ், மின்சாரம் மூன்றும் உயிரோடு இருக்கின்றன. அப்புறம் ரேமின் தங்கநிறத் தொடுமுனைகளை ரப்பரால் துடைத்து, ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள். கத்தவே இல்லை என்றால் கோளாறு அதற்கு முந்தைய படிகளில். சாக்கெட்டில் பின் வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த 775 வகையில் பின்கள் சிபியூவில் இல்லை, சாக்கெட்டில்தான்.

தேதியை ஓடவைக்கும் காசு வடிவ சிஆர்2032 பேட்டரி தீர்ந்தால் வருவது வேறு தொல்லை. கணினி எஃப்1 அழுத்தச் சொல்லும், தேதி பல வருடம் பின்னால் போய்விடும். இணையதளங்களின் சான்றிதழ் அந்தத் தேதியில் இன்னும் பிறந்தே இருக்காது, அதனால் பிரவுசர் "பாதுகாப்பில்லை" என்று மறுக்கும். நெட் கனெக்‌ஷனைக் குறைசொல்வதற்கு முன் கடிகாரத்தைப் பார்த்துவிடுங்கள்.

சிபியூவையும் ரேமையும் இணைக்கும் நார்த் பிரிட்ஜ் சிப்புக்கு அடியில் சோல்டர் விட்டிருந்தால் மட்டும் போராட வேண்டாம். ஹீட் கன் வைத்துச் சூடாக்கினால் சில நாள் ஓடும், மறுபடி நிற்கும். அந்தச் செலவுக்கு ஓடும் நிலையிலுள்ள பழைய போர்டே ஒன்று வாங்கிவிடலாம்.